பாலாற்று மணலில் நின்ற மூன்று டன் லாரி

சென்ற வாரம் சத்துவாச்சாரியில் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு, வாயில் பஞ்சைக் கடித்தபடி நெடுஞ்சாலையோரம் நடந்து வந்துகொண்டிருந்தேன். பழைய இரும்புக் கடை ஒன்றின் முன்னால் பழைய இராணுவ லாரி ஒன்றை நிறுத்தி, கேஸ் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சாயம் தீயில் கொப்பளித்துச் சுருண்டது. நான் நின்றது அதைப் பார்த்து அல்ல, வாசனைக்காக. பழைய கிரீஸ், மழையில் நனைந்து காய்ந்த தார்ப்பாய், ஓட்டுநர் இருக்கையின் சூடேறிய தோல் ஆகிய மூன்றும் சேர்ந்து வீசின. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா பெரியவரே, வண்டி எடுக்கப் போறீங்களா? பாதி போய்டுச்சு, மீதி கீது" என்றார். வாயில் பஞ்சு இருந்தமையால் தலையை மட்டும் அசைத்தேன். பேச முடிந்திருந்தால், "இதே போன்ற வண்டி ஒன்று எங்களிடமும் இருந்தது ஐயா" என்று சொல்லியிருப்பேன். அது பொய்யில்லை, நண்பரே. முழு மெய் என்றும் சொல்ல இயலாது. அந்த வண்டியை நாங்கள் நால்வரும் வாயால் கண்டெடுத்து, வாயாலேயே ஓட்டினோம்.

தோல் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு கழித்தவனுக்கு மூக்கு செத்துப்போயிருக்கும் என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மை அதற்கு எதிரானது. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்த தோலா, சாயம் ஏறிக் காய்ந்த தோலா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆம்பூரிலிருந்து மாலைப் பேருந்தில் வரும்போது என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அதில் எனக்கு ஒரு வசதி: மனத்துக்குள் பதிகம் பாடிக்கொண்டே வரலாம். விடியலில் குளித்து, நீறு பூசி, பதினொரு பாட்டும் பாடி முடித்தபின்பே நான் வேலைக்குக் கிளம்புவேன். சிவபூசை செய்பவன் தோல் கம்பெனியில் இருப்பதா என்று உறவினர் ஒருவர் கல்யாண வீட்டில், நாலுபேர் நடுவில் கேட்டார். யானைத் தோலைப் போர்த்தி, புலித் தோலை உடுத்தவனைத்தானே தினமும் பாடுகிறேன் என்றேன். அந்தத் தோல்கள் எந்தத் தரம் என்று மட்டும் பாட்டில் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பயன்பட்டிருக்கும்.

தரம் பிரிப்பதுதான் என் தொழில். பதனிட்டு முடித்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் மேசைமீது விரிப்பார்கள். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறல், சூடு போட்ட தழும்பு எல்லாம் பார்த்து, ஓரத்தில் ஏ, பி, சி என்று எழுதுவேன். எதற்கும் ஆகாததை ரிஜெக்ட் என்று தரையில் தள்ளுவேன். கண் பார்ப்பதற்கு முன்பே விரல் சொல்லிவிடும். நான் கீழே தள்ளிய தோலை மறுமுறை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. அதில் எனக்கு இருந்த கர்வத்தை, ஆண்டவன் சந்நிதியிலும் கழற்றி வைத்ததாக நினைவில்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் எங்கள் தொழிற்சாலைக்கு ஆர்டர் நின்றுபோனது. மாத ஊழியர்கள் வந்து கையெழுத்திட்டு, சைரன் ஊதும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வேலை செய்து களைத்தவனுக்கு இரவில் உறக்கம் வரும். உட்கார்ந்து களைத்தவனுக்கு அதுவும் வராது. இந்த நிலையில்தான் ஸ்டெல்லா ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். காலணிக்கு அட்டையில் மாதிரி வெட்டும் பிரிவின் தலைவி அவள். சரக்குப் பார்வையிட வந்த வெளிநாட்டு நிபுணர் ஒருவர் விருந்தினர் அறையில் விட்டுச்சென்ற பெட்டி அது. உள்ளே ஆங்கிலத்தில் தடித்த விதிப்புத்தகமும், இருபது முகம் கொண்ட பகடை ஒன்றும் இருந்தன.

ஆட்டம் இவ்வளவே: ஒருவர் கதை சொல்வார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்த இடத்தில் தாம் செய்வதைச் சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதை நடப்பது உலகம் அழிந்த பிறகு. மிஞ்சிய சிலர் பழைய இராணுவக் கிடங்குகளைத் தேடிப்பிடித்து, துருப்பிடித்த வண்டிகளையும் தகர டப்பா உணவையும் மீட்டுப் பிழைக்கிறார்கள். ஊழி முடிந்தபின் இறைவன் ஒருவனே நின்று ஆடுவான் என்று பாடிப் பழகியவன் நான். ஊழிக்குப் பிறகு லாரி டயருக்குக் காற்றடிக்க வேண்டியிருக்கும் என்று எந்தப் பாட்டும் எனக்குச் சொல்லவில்லை.

ஸ்டெல்லா கதைசொல்லி ஆனாள். அழிந்த உலகத்தை அமெரிக்காவில் வைத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை, பாலாற்றங்கரைக்கு மாற்றிக்கொண்டாள். கேன்டீன் மேசையைச் சுற்றி ஆட வந்தவர்கள் மூவர். வாணியம்பாடி அன்வர் பாய் எங்கள் தோல் பதனிடும் டிரம்களின் ஃபிட்டர். எந்த இயந்திரத்தையும் காதால் கேட்டே பழுது சொல்வார். தேவராஜ் கம்பெனி வேன் ஓட்டுநர். அதற்குமுன் பதினேழு ஆண்டு இராணுவத்தில் லாரி ஓட்டியவர். மூன்றாவது ஆள் அடியேன். நெற்றி நீற்றைப் பார்த்து எல்லோரும் என்னை 'சாமி' என்றே அழைத்தார்கள்.

முதல் நாளே தடை வந்தது. அன்வர் பாய் பகடையைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பகடைய நான் தொடமாட்டேன்மா. எங்கள்ல ஆவாது."

"எங்கள்லயும் சூதுதான்" என்றேன் நான்.

தேவராஜ் பெருமூச்சு விட்டார். "நல்லா கீது. ரெண்டு பக்தருங்கள வெச்சிக்கினு உலகம் அழிஞ்ச ஆட்டமா? பேஜார்தான்."

ஸ்டெல்லா எழுந்து போனாள். வெட்டு இயந்திரத்தில் கழிவுத் தோல்களிலிருந்து இருபது வட்ட வில்லைகளைத் தட்டி, ஒவ்வொன்றிலும் எண் குத்தி, காலணி போடும் துணிப்பை ஒன்றில் கொட்டிக் கொண்டுவந்தாள். பையில் கையை விட்டு ஒரு வில்லையை எடுப்பது. அந்த எண்ணே பகடை எண். சீட்டு எடுப்பது போலத்தானே என்று அன்வர் பாய்க்கும் மனம் ஒப்பியது. ஆனால் ஒன்றை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. கழிவுத் தோல் பல வகை: ஒன்று ஆடு, ஒன்று எருமை, ஒன்று மெருகிட்டது, ஒன்று சொரசொரப்பு. இரண்டே வாரத்தில் என் விரல்கள் இருபதையும் அறிந்துகொண்டன. பன்னிரண்டாம் எண் வழுவழுப்பு. மூன்றாம் எண் ஓரத்தில் தடிப்பு. இருபதாம் எண், மெல்லிய ஆட்டுத் தோல். நான் யாரிடமும் சொல்லவில்லை. கை நுழைந்ததும் முதலில் தட்டுப்படுவதையே எடுப்பது என்று எனக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டு, அதைக் கண்டிப்பாகக் காத்துவந்தேன்.

பாத்திரம் தேர்ந்தெடுக்கும்போது நான் ஓதுவார் என்றேன்.

"சாமி சார், உலகமே போய்டுச்சு. ஓதுவார் எதுக்கு?" என்றாள் ஸ்டெல்லா.

"அப்போதுதானம்மா வேண்டும்."

"துப்பாக்கியாச்சும் வெச்சிக்கிறீங்களா?"

"தாளம் இருக்கிறது."

தேவராஜ் சிரித்து, தேநீரை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

இனி, சொல்லத் தயங்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு மேலாளர் என்னை அழைத்து, ஒரு தாளைக் கொடுத்திருந்தார். எங்கள் பிரிவின் தினக்கூலித் தொழிலாளர் பெயர்கள் அதில் இருந்தன. "நீங்க தோலுக்குப் போடற மாதிரியே போட்டுக் குடுங்க, போதும்" என்றார். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடைப்பட்ட நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். கை மெதுவானவர், அடிக்கடி விடுப்பு எடுப்பவர், வயதானவர் என்று பார்த்து ஏ, பி, சி போட்டேன். அடுத்த திங்கட்கிழமை, சி போட்ட இருபத்து மூன்று பேரை வாசற்கதவிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் பலரும் ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனிப் பேருந்தில் வருபவர்கள். பேருந்து அவர்களை இறக்கிவிட்டு நின்றிருந்தது. ஏறித் திரும்பிப் போகவும் அனுமதி இல்லை.

ஆட்டத்தின் முதல் நாள் ஸ்டெல்லா நோட்டைத் திறந்து படித்தாள். "ஒடுகத்தூர் மலையடிவாரத்துல ஒரு குடியிருப்பு. கிணறெல்லாம் விஷம். மிஞ்சினவங்க இருபத்து மூணு பேர். குப்பம்மாள், ஏழுமலை, சாந்தி, ஆரோக்கியம், ஜபீன், பெருமாள்..." பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அன்வர் பாய் தரையைப் பார்த்தார். தேவராஜ் என்னைப் பார்த்தார். ஸ்டெல்லா நோட்டிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "பழைய இராணுவக் கிடங்குல தண்ணி சுத்தம் பண்ற மெஷின் ஒண்ணு இருக்காம். அத லாரில ஏத்தி இவங்ககிட்ட சேர்க்கணும். அதான் உங்க வேலை" என்றாள்.

அன்று முதல் எனக்கு அது ஆட்டமாக இல்லை. அந்த வண்டி ஒடுகத்தூர் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் பிடித்துக்கொண்டது. வீட்டில் பூசை முடித்ததும் அட்டவணை போடுவேன்: எவ்வளவு டீசல், எத்தனை டின், எந்தப் பாதை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "எங்க டூர் போறீங்க?" என்றாள். ஒடுகத்தூர் என்றேன். "அதுக்கு எதுக்கு இவ்ளோ டீசல்?" என்றாள்.

மூன்று வாரம் தேடி, ஆந்திர எல்லை மலையடியில் கிடங்கைக் கண்டோம். கதவைத் திறந்ததும் உள்ளே இருப்பதை ஸ்டெல்லா ஒன்றொன்றாகச் சொன்னாள். சக்கரம் இல்லாத ஜோங்கா ஜீப் ஒன்று. தார்ப்பாய் போர்த்திய மூன்று டன் லாரி ஒன்று. மரப்பெட்டிக்குள் தண்ணீர் இயந்திரம். பிஸ்கட் டின்கள், கம்பளிகள், பூட்ஸ் குவியல், எருமைத் தோல் கட்டு ஒன்று. தேவராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை தானாகவே இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தது. "மொதல்ல பேட்டரிய விடு, ஹேண்டில் போட்டு சுத்துவோம்" என்றார். அன்வர் பாய் டீசல் ஃபில்டரைக் கழற்றினார், அதாவது கழற்றுவதாகச் சொன்னார். சொல்லும்போது விரல்கள் அசைந்தன. பையிலிருந்து பதினாறாம் வில்லையை எடுத்தார். வண்டி உறுமியதாக ஸ்டெல்லா சொன்னதும் கேன்டீன்காரர் உட்பட அனைவரும் கைதட்டினோம்.

சரக்கு ஏற்றுவது என் பொறுப்பு. நான் செய்தது என்ன தெரியுமா? பூட்ஸ் குவியலைத் தரம் பிரித்தேன். உலகம் அழிந்து, தண்ணீருக்கு மனிதர் தவிக்கும் வேளையில், ஒரு ஜோடி விடாமல் ஏ, பி என்று அடுக்கினேன். பிறகு அந்த எருமைத் தோல் கட்டைப் பற்றிக் கேட்டேன்.

"உண்ணிப் புள்ளி இருக்கா?"

"இருக்கு சார்."

"சூட்டுத் தழும்பு?"

"நிறைய இருக்கு."

"ரிஜெக்ட். இங்கேயே கிடக்கட்டும்."

"எடுத்துப் போடு சாமி, எதுக்குனா ஆவும்" என்றார் அன்வர் பாய்.

"நான் இருக்கும் வண்டியில் ரிஜெக்ட் ஏறாது பாய்" என்றேன். ஸ்டெல்லா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பாலாற்றைக் கடக்க வேண்டும். ஆறு என்றாலும், நம் ஆறு. தண்ணீர் இல்லை, மணல்தான். மணலில் போக டயரில் பாதிக் காற்றை இறக்க வேண்டும், அப்போதுதான் சக்கரம் புதையாது என்றார் தேவராஜ். பாலைவனத்தில் அப்படித்தான் ஓட்டினாராம். இறக்கினோம். அக்கரையும் சேர்ந்தோம். அதற்குமேல் கல் பாதை. காற்றில்லாத டயரை அது கிழித்துவிடும். கைப்பம்பை எடுத்தால், உள்ளே இருக்கும் தோல் வாஷர் பொடியாய் உதிர்ந்தது என்றாள் ஸ்டெல்லா. வாஷர் இல்லாமல் பம்பு காற்றைப் பிடிக்காது. நான் தேர்ந்தெடுத்த முதல்தர பூட்ஸ் ஒன்றை அன்வர் பாய் வெட்டிப் பார்த்தார்.

"மெத்துமெத்துனு கீது. பூ மாதிரி. காத்து புடிக்காது சாமி. கெட்டியா, தடியா வேணும். எருமைத் தோலு."

என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தழும்பு இருந்தா காத்து வெளிய போய்டுமா சாமி?" என்று தேவராஜ் மிக மெதுவாகக் கேட்டார்.

ஆட்டம் அங்கே நின்றபோது வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி, எங்கள் தொழிற்கூடத்தின் கடைசி நாள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். கணக்கை முடித்துக்கொண்டு எல்லோரும் போக வேண்டியதுதான். நாலரைக்குச் சைரன். அன்று பகல் தொழுகை முடித்து அன்வர் பாய் வந்து அமர்ந்ததும் ஸ்டெல்லா சொன்னாள்: "அங்க தண்ணி இன்னும் ரெண்டு நாளைக்குத்தான். நம்ம சைரன் ஊதறதுக்குள்ள ஆட்டத்துல வண்டி போகலன்னா அவங்க கதை முடிஞ்சுது."

"நான் திரும்பிப் போகிறேன்" என்றேன். "தனியாக. நடந்தே போய் அந்தத் தோலை எடுத்து வருகிறேன்."

"வெயில்ல ஒரு பகல் நடை சார். உங்க பாத்திரத்துக்கு உடம்பு பலம் கம்மி."

"இருக்கட்டும்."

"நானும் வர்றேன் சாமி" என்றார் அன்வர் பாய். வேண்டாம் என்று மறுத்தேன். நான் தள்ளியதை நானே எடுக்க வேண்டும்.

மூன்று முறை வில்லை எடுக்க வேண்டும் என்றாள் ஸ்டெல்லா. வெயிலுக்கு எட்டுக்கு மேல், பதினொன்று வந்தது. வழி தவறாமலிருக்கப் பத்துக்கு மேல். முதலில் தட்டியதை எடுத்தேன், பதினான்கு. மூன்றாவது, கிடங்கில் அந்தத் தோல் இன்னும் கெடாமல் கிடக்கிறதா என்பதற்கு. "மழை பேஞ்சிருக்கு, எலி வேற. பதினெட்டுக்கு மேல வேணும்" என்றாள். கூடத்துக்கு வெளியே யாரோ இரும்பு அலமாரியை இழுத்துப் போகும் ஒலி கேட்டது. மணி நாலைத் தாண்டியிருந்தது.

பைக்குள் கை விட்டேன். முதலில் தட்டுப்பட்டது ஓரம் தடித்த வில்லை. மூன்று.

விட்டுவிட்டேன், நண்பரே. விரலை நகர்த்தினேன். வழுவழுப்பைத் தள்ளினேன், சொரசொரப்பைத் தள்ளினேன். ஈசன் பெயரை அந்த நேரத்தில் சொல்லவில்லை. இந்தக் களவில் அவனைக் கூட்டுச்சேர்க்க விரும்பவில்லை. அடியில் ஒதுங்கிக் கிடந்த மெல்லிய ஆட்டுத் தோலைத் தொட்டதும் எடுத்து மேசைமேல் வைத்தேன். இருபது.

தேவராஜ் எழுந்து நின்று கத்தினார். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்வர் பாய் மட்டும் வில்லையைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். முப்பது ஆண்டு தோல் நடுவில் இருந்தவர் அவரும். "சாமி கை, தோலு தெரிஞ்ச கை" என்று மட்டும் சொல்லி, அதைப் பையில் திருப்பிப் போட்டார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தழும்பேறிய எருமைத் தோலில் அன்வர் பாய் வாஷர் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து மாட்டினார். ஆறு டயருக்கும் முறை வைத்துக் காற்றடித்தோம். தேவராஜ் கல்பாதையில் ஒரு கியர்கூடத் தப்பாமல் ஏற்றினார். ஒடுகத்தூர் வந்தது. இயந்திரத்தை இறக்கினோம். ஸ்டெல்லா நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு குவளைத் தண்ணீரை நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டும் என்றாள். சொன்னேன். குப்பம்மாளுக்குக் கொடுத்தேன். ஏழுமலைக்குக் கொடுத்தேன். இருபத்து மூன்றாவது பெயருக்குக் கொடுத்து முடித்த பிறகே சைரன் ஊதியது. வாசலில் ஒருவரையும் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கூடம் இப்போது இல்லை. இடித்து, மனைப்பிரிவுக் கல் நட்டிருக்கிறார்கள். அன்வர் பாய் காலமாகி மூன்று ரமலான் ஆகிறது. அந்த வில்லையைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தேவராஜ் மகளோடு கோவையில் இருக்கிறார். ஸ்டெல்லா கப்பல் ஏறும் காலணிகளுக்கு வேறு ஊரில் மாதிரி வெட்டுகிறாள். நோட்டு எங்கே என்று தொலைபேசியில் கேட்டேன். வீடு மாறும்போது போய்விட்டதாம்.

நோட்டு இல்லாவிட்டால் என்ன என்றுதான் இத்தனை ஆண்டும் இருந்தேன். காலைப் பதிகம் முடிந்ததும் அந்த இருபத்து மூன்று பெயர்களையும் வரிசை மாறாமல் சொல்லிவிட்டே எழுவேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட நியமம் அது. நூற்றுக்கணக்கான பாட்டை ஏடு பாராமல் சொல்பவனுக்கு இது எம்மாத்திரம்? இந்தத் தை மாதத்திலிருந்து இருபத்தொன்றோடு நாக்கு நிற்கிறது. சீர் தப்பிய பாட்டைப்போல முதலிலிருந்து திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். மறுபடியும் அங்கேயே நிற்கிறது. வரும் திங்கட்கிழமை ஒடுகத்தூர்ப் பேருந்து ஏறுவதாக முடிவு செய்திருக்கிறேன். விட்டுப்போன இரண்டு பெயரும் கிடைக்கும்வரை வீடு வீடாகக் கேட்பேன். ஒருவர் ஈரத்தோலை விரித்து, காய்வதற்குச் சட்டத்தில் கவ்வி மாட்டுபவர், இடது கையில் பச்சை குத்தியிருப்பார். அதைச் சொல்லி விசாரிக்கலாம். மற்றவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் அடையாளம் ஏதுமில்லை. அந்தத் தாளில் அவர் பெயர் இருந்த வரி தெரிகிறது. அதன் எதிரே, நீல மையில், அவசரமே இல்லாமல் நான் வளைத்து எழுதிய சி தெரிகிறது. பெயர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.